பலெர்மோவில் வாங்கிய தட்டு

“சம்பந்தி, இதுதான் ஒரிஜினல். பார்த்தாலே தெரியுது” என்று மகாதேவன் சொன்னதும் என் நெஞ்சு நிமிர்ந்துகொண்டது.

மகாதேவன் என் மருமகள் பிரீத்தியின் அப்பா. பெரிய ஆபீசராக இருந்து ரிட்டையர் ஆனவர். இங்கே அமெரிக்காவில், நாங்கள் இருக்கிற பிளசன்டனுக்குப் பக்கத்து ஊரான டப்ளினில் மகன் வீட்டில் இருக்கிறார். கல்யாணத்தில் நாங்கள் சீராக வைத்த வெள்ளித் தட்டை மறுநாளே நகைக்கடைக்குக் கொண்டுபோய் உரசிப் பார்த்த மனிதர்.

அதை நான் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

அதனால்தான் என் மகன் அகிலன் எங்களையெல்லாம் இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவுக்கு டூர் கூட்டிப் போனபோது, இந்த ஆள் வாயைத் திறக்க முடியாதபடி ஒரு பொருள் வாங்கிவர வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த ஊர் மண்ணில், அந்த ஊர் ஆள் கையால் செய்ததாக இருக்க வேண்டும்.

கடற்கரை ரோடு முழுக்க எலுமிச்சம்பழம் வரைந்த பீங்கான் தட்டுகள். எல்லாம் கையால் வரைந்தது என்றார்கள். நாலு கடை ஏறி இறங்கினேன். எல்லாத் தட்டிலும் அதே பழம், அதே இலை. அந்த இலையும் ஒரே பக்கமாக மடங்கியிருந்தது. கையால் வரைந்தால் அப்படி வருமா?

ஏர்போர்ட்டில் ஒரு ஆலிவ் ஆயில் பாட்டில் வாங்கிக் கொடுத்தால் போதும் என்று அகிலன் கையைப் பிடித்து இழுத்தான். நான் அசையவில்லை.

கடைசியில் பலெர்மோ ஊரில் ஒரு சந்துக்குள் சின்னப் பட்டறை. உள்ளே ஒரு பெண் உட்கார்ந்து, தட்டில் சப்பாத்திக்கள்ளி வரைந்துகொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தால் நம்ம வீட்டுப் பெண் மாதிரியே இருந்தது. சும்மா தமிழில் பேசிப் பார்த்தேன். தமிழிலேயே பதில் வந்தது.

“எந்த ஊரும்மா?”

“பலெர்மோ.”

“அது சரி. சொந்த ஊரு?”

“பலெர்மோதான் அங்கிள். அம்மா, அப்பா யாழ்ப்பாணம். நான் இங்கதான் பிறந்தனான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இந்தக் கேள்வி அவளுக்குப் பழகிப்போன மாதிரி இருந்தது.

பெயர் வான்மதி. பள்ளிக்கூடம் முடித்ததும் இதே பட்டறையில் சேர்ந்து தொழில் கற்றுக்கொண்டாளாம். மொட்டை மாடியில் நின்றால் எதிர்மலை முழுக்கக் கள்ளிதானாம். பார்த்து வளர்ந்ததைத்தான் வரைகிறேன் என்றாள். ஒவ்வொரு முள்ளாக அவள் வைப்பதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். சுட்டு எடுத்து வைத்திருந்ததில் ஒரு தட்டை வாங்கிக்கொண்டு, விமானத்தில் மடியில் வைத்தே கொண்டுவந்தேன்.

அந்தத் தட்டைத்தான் ஞாயிற்றுக்கிழமை பிளசன்டனில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த மகாதேவன் கையில் கொடுத்தேன்.

கள்ளிப் படத்தைப் போய் வீட்டில் மாட்டலாமா என்று பிரீத்தி இழுத்தாள். உனக்கு ஆர்ட் தெரியாது என்று அவளை அடக்கினார். பிரஷ் ஓடிய தடத்தை விரலால் தடவிக் காட்டினார். ஃபேக்டரியில் செய்தால் இந்தக் களை வராது என்று ஒரு லெக்சரே கொடுத்தார். நான் காது குளிரக் கேட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷம் காத்திருந்த நிமிஷம் அது.

பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தட்டைத் திருப்பினார். பின்னால் வரைந்தவள் கையெழுத்து இருந்தது.

“வான்மதியா?” என்று வாசித்தவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். “என்ன சம்பந்தி, சிசிலி வரைக்கும் போய் நம்ம ஆளுகிட்டயே ஏமாந்துட்டு வந்திருக்கீங்க. இது டூப்ளிகேட்.”

“ஏனுங்க, அந்தப் புள்ள அங்கயே பொறந்ததுங்க. தொழிலும் அங்கயே கத்துக்கிட்டதுங்க.”

“அங்க பொறந்துட்டா அந்த ஊர்க்காரி ஆயிடுவாளா? பேரைப் பாத்தாலே தெரியலை?”

தான் அப்போதே சொன்னதாக அகிலனும் சேர்ந்துகொண்டான். வேண்டுமானால் நல்ல தட்டாக ஆன்லைனில் வாங்கித் தருகிறேன் என்று மாமனாரைச் சமாதானப்படுத்தினான். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் தடவித் தடவிப் பார்த்த அதே தட்டை மகாதேவன் என் பக்கம் தள்ளி வைத்தார்.

நான் தட்டை எடுத்து மறுபடி துணியில் சுற்றினேன்.

சோபாவில் என் பேத்தி ஷ்ரேயா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதே பிளசன்டனில் பிறந்தவள், ஆறாவது படிக்கிறாள். நாம் பேசுகிற தமிழ் முழுக்கப் புரியும். ஆனால் என்ன கேட்டாலும் இங்கிலீஷில்தான் பதில் சொல்லுவாள்.

அவள் போனை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். என் கையிலிருந்து தட்டை வாங்கி, துணியை விலக்கி, அந்தப் பெயரைப் பார்த்தாள். பிறகு மகாதேவன் முன்னால் போய் நின்றாள்.

அவள் தடுமாறித் தடுமாறி, ஆனால் முழுக்கத் தமிழிலேயே கேட்டதை இன்றைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

“தாத்தா, என் கிளாஸ்ல ஒரு பையன் என்னை டெய்லி இதேதான் சொல்றான். நாளைக்குப் போயி, ‘நீ சொல்றது கரெக்ட், எங்க தாத்தாவும் அதான் சொல்றாரு’ன்னு சொல்லிடட்டுமா?”