வாட்டம் தப்பிய தரை

"இதையெல்லாம் வேலைன்னு சொல்ல வாய் கூசுதும்மா." குளியலறைத் தரையில் குந்தியிருந்த மேஸ்திரி மூக்கைச் சுளித்தார்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள். மூலையில் தேங்கிய சோப்புத் தண்ணீர் கொழகொழவென்று பாசி பிடித்துக் கிடந்தது. அதில் ஒரு முடிச்சுருள் மிதந்தது. டைல்ஸ் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

நல்ல ஆளாக அனுப்பச் சொல்லி டைல்ஸ் கடையில் கேட்டிருந்தாள். காலையில் இந்தப் பெரியவர் தேய்த்த சட்டையும் வெறுங்கையுமாக வந்து, "மேஸ்திரிம்மா. பாத்ரூம் வேலையைப் பாக்கணும்" என்றார். சாமியே வந்ததுபோல் உள்ளே கூப்பிட்டுவிட்டாள். இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் மாமனார் அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறார். இந்தத் தரையில் காலை வைத்தால் மறுபடியும் ஆம்புலன்ஸ்தான்.

பெரியவர் ஒரு குவளைத் தண்ணீரைக் கவிழ்த்தார். அது வடிகால் ஓட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக அவள் காலடிக்கு ஓடி வந்தது.

"வாட்டத்தை வாசப்பக்கம் விட்டிருக்கான். கண்ணை எங்க அடகு வெச்சான்?" விரல்முட்டியால் ஒரு டைல்ஸைத் தட்டினார். டொக்கு டொக்கு என்றது. "அடியில கலவையே இல்ல. மூலைக்கு ஒரு உருண்டை அப்பிட்டுப் போயிருக்கான். த்தூ."

"அன்னைக்கே கேட்டேன், 'போகப் போக சரியாயிடும்க்கா'ன்னுட்டுப் போயிட்டான்."

"குடிச்சிட்டு வருவானா?"

"அதெல்லாம் இல்ல. போன்தான். ஒரு கை காதுல, ஒரு கை கரண்டியில. ஒரே கொஞ்சலும் சிரிப்பும். பாக்கவே சகிக்கல."

பெரியவர் முகம் கறுத்தது. "யார்கூட?"

"எவ கண்டா? அதை விடுங்க, நீங்க எப்ப உடைக்க ஆரம்பிப்பீங்க?"

"நான் எதுக்கு உடைக்கணும்? போட்டவனே உடைச்சு, வாட்டம் பாத்து மறுபடி போடுவான். நாளைக்குக் காலையில இங்க வந்து நிப்பான்."

"அவனா? என் போனையே எடுக்க மாட்டேங்கறான். நீங்க சொன்னதும் ஓடி வந்துடுவானாக்கும்."

பெரியவர் கையை அலசி உதறிக்கொண்டு எழுந்தார்.

"வருவாம்மா. என் பொண்ணைக் கட்டிக்கணும்ல."