நகைகளுக்கு நடுவே நீலப் பட்டை

“இந்தப் பிள்ளைய எங்கயாவது பாத்திருக்கியாம்மா?”

கேட்ட ஆள் செல்போனைச் சசிகலாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

படத்தில் அரக்குப் பட்டு, ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி என்று சர்வ அலங்காரத்தோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஏதோ ஒரு கோவில் மண்டபம். அந்தப் படத்தைச் செய்ததே சசிகலாதான்.

படத்தில் இருந்த லீலா அவளுக்குப் பக்கத்தில், ஒரு முழத் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

வடக்குப்பட்டு ரோட்டில் காலை ஷிஃப்ட் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிற பெண்கள் எல்லாரும், லாரிகள் கிளப்பும் புழுதிக்குப் பயந்து, கண் மட்டும் தெரிகிற மாதிரி துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டுதான் நிற்பார்கள். அந்த நிமிடம் வரைக்கும் லீலா பிழைத்திருந்தது அதனால்தான்.

லீலா முன்பே சொல்லியிருந்ததால், ஆள் யாரென்று கேட்காமலே சசிகலாவுக்குத் தெரிந்தது. இசக்கிதுரை, லீலாவின் தாய்மாமன். அவளுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளையும் அவரேதான். பல வருஷம் துபாயில் இருந்தவர், லீலாவைப் பாவாடை சட்டையில் பார்த்ததோடு சரி. அந்தக் கல்யாணத்துக்குப் பயந்து திருநெல்வேலிப் பக்கமிருந்து கிளம்பி வந்து, ஹாஸ்டலில் தங்கி, கம்பெனியின் அசெம்பிளி லைனில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். சசிகலாவிடம் அவள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். என் படம் மட்டும் எங்கேயும் போகக் கூடாது.

சசிகலா ஒன்றும் தெரியாதவள் இல்லை. போன வாரம் கேன்டீனில் எச்.ஆர். ஸுப்ரஜா மேடம், ஏஐயை எப்படிப் பத்திரமாகப் பயன்படுத்துவது என்று புதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தார். அடுத்தவர் படத்தை அதில் போடும் முன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது முதலில் கை தூக்கியது அவள்தான்.

“அவங்களக் கேக்கணும் மேடம்.”

கைதட்டலோடு ஒரு டிபன் பாக்ஸும் பரிசாகக் கிடைத்தது.

அந்த டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டுதான், அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில், துப்பட்டாவை அவிழ்த்துவிட்டுப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த லீலாவைப் படம் பிடித்து ஏஐயில் போட்டாள். தூங்கின கண்ணை அது திறந்துவிட்டது. சிரிக்கவும் வைத்தது. பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது, நாலு பேர் பார்க்கட்டுமே என்று ஸ்டேட்டஸில் வைத்தாள். மெஷின் செய்த படம்தானே, இது லீலாவின் படம் ஆகாது என்று மனசுக்குள் ஒரு சமாதானம் வேறு. வாட்ஸ்அப்பில் யாரிடமிருந்து யாருக்குப் போய் ஊர் சேர்ந்ததோ தெரியாது.

மெஷின் எல்லாவற்றையும் மாற்றியது. கழுத்தில் கிடந்த ஐடி கார்டின் நீலப் பட்டையை மட்டும் நகையோடு நகையாக அப்படியே விட்டுவிட்டது, கம்பெனி பெயரோடு.

இசக்கிதுரை அந்தப் பட்டையை விரலால் பெரிதாக்கிக் காட்டினார். “இதே பட்டையத்தான நீங்களும் போட்டிருக்கிய?”

லீலா ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால்மேல் வைத்துக்கொள்வது ஓரக்கண்ணில் தெரிந்தது. பயம் வந்தால் அவள் அப்படித்தான். லைனில் அவளுக்குப் பெயரே கொக்கு.

அவசரத்துக்குச் சசிகலாவுக்கு ஒரு பொய்கூட அகப்படவில்லை. வாயில் வந்தது உண்மைதான்.

“இது ஏஐ போட்ட படம்ண்ணா. பொடவ, நகை, சிரிப்பு எதுவும் நெஜம் இல்ல. தூங்கிகினு இருந்தாக்கூட முழிச்சிகினு சிரிக்கற மாதிரி போடும். இத்த வெச்சிகினு யாரத் தேடுவீங்க?”

இசக்கிதுரை நம்பின மாதிரி தெரியவில்லை. வரிசையில் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்துக்கொண்டே வந்தார். லீலாவின் கண்ணைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடியும் கண்ணைப் பார்த்தார். படத்தில் இருந்தது ஏஐ வைத்த கண். அவர் அடுத்த பெண்ணிடம் போய்விட்டார்.

அவரோடு நரைத்த மீசைக்காரர் ஒருவரும் வந்திருந்தார். அவர் செல்போனையும் பார்க்கவில்லை, யார் கண்ணையும் பார்க்கவில்லை. வந்ததிலிருந்து தலையைக் குனிந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தூரத்தில் பஸ் தெரிந்தது.

“வா மாப்ள, போவோம்,” என்றார் அவர் திடீரென்று. “இந்தப் பிள்ள சொல்லுததுதான் சரி. மெஷின் போட்ட படத்தக் கொண்டு யாரத் தேட? நம்ம பிள்ள இங்க இல்ல.”

இசக்கிதுரை முனகிக்கொண்டே காரைப் பார்த்து நடந்தார். நல்லவேளை, பெரியவர் ஏமாந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள் சசிகலா.

பெரியவர் பின்னாலேயே போனார். லீலாவைக் கடக்கும்போது மட்டும் ஒரு நொடி நின்றார். அப்போதும் நிமிரவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒன்றின் மேல் ஒன்றாக இருந்த அவள் கால்களை.

“தூசி கூடுதலா இருக்கு தாயி,” என்றார் மெதுவாக. “துணிய அவுக்காத.”

கார் கிளம்பிப் போனது. “அப்பா” என்று துப்பட்டாவுக்குள் லீலா சொன்னது சசிகலாவுக்கு மட்டும் கேட்டது.

பஸ்ஸில் ஏறியதும் லீலாவுக்குப் பக்கத்தில் தொப்பென்று உட்காருவது சசிகலாவின் வழக்கம். இன்றைக்கு நின்றாள். சொல்ல வேண்டியது நெஞ்சு முட்ட இருந்தும் கேட்க வந்தது இவ்வளவுதான்.

“இங்க உக்காரட்டா?”

லீலா ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டாள்.

ஏசி பஸ். கண்ணாடியெல்லாம் மூடியிருந்தது, உள்ளே பொட்டுத் தூசி இல்லை. கம்பெனி கேட் வரும்வரை லீலா துப்பட்டாவை அவிழ்க்கவில்லை.