மாற்ற வராத ஆள்

மாலை வெயில் திரையின் பாதியை வெளிறச் செய்கிறது. நாளை கப்பலுக்குத் திரும்பவேண்டிய எஞ்சின்காரர், மகளின் கணினி விளையாட்டில் நடுக்கடல் கலங்கரை விளக்கமொன்றின் காவலனாக ஆடிக்கொண்டிருக்கிறார். திரையில், விளக்கின் கீழ்த்தளத்தில் தொலைபேசி ஒலிக்கிறது. அழைப்பது காவலனின் வீடு. அதை எடுக்கக் காவலன் இறங்கினால் விளக்கு அணைந்துவிடும். அவருடைய கட்டைவிரல் பொத்தானின்மேல் அசையாமல் இருக்கிறது. “எடுங்கப்பா” என்கிறாள் மகள். “மாத்த ஆள் வராம எடத்த விட்டு நகரக் கூடாதும்மா. டூட்டின்னா அதான். கதையே அதத்தான் சொல்லுது.” “நான் மூணு தடவ ஆடிட்டேன். மாத்த ஆளே வரமாட்டான். கப்பலும் ஒண்ணுகூட வராது. வீட்டுக்குப் பதில் சொல்லப் பயந்துகிட்டு, இவரு வெளக்கக் கட்டிக்கிட்டு அழறாரு. பெரிய டூட்டி!” அவர் சிரிக்கப் பார்க்கிறார், உதடு ஒத்துழைக்கவில்லை. மகள் முழங்காலில் முகவாயை ஊன்றித் திரையையே பார்க்கிறாள்.

அவர் பொத்தானை அழுத்துகிறார். காவலன் படிகளை நோக்கித் திரும்புகிறான். சுழற்படிகளில் அவன் காலடி ஒவ்வொன்றாகக் கேட்கிறது. மேலே வெளிச்சம் சுருங்குகிறது. கடைசிப் படியில் கால் வைக்கும்போது தொலைபேசி மணி நின்றுபோகிறது. “லேட்டாயிடுச்சா?” என்கிறார் அப்பா. “மறுபடி மேல ஏறிடாதீங்கப்பா. இன்னொரு தடவ கூப்பிடுவாங்க.” காவலன் தொலைபேசியருகே இருட்டில் நிற்கிறான். எஞ்சின்காரர் மூச்சைக்கூட மெதுவாக விடுகிறார்.