காட்டுக்கு எத்தனை எலும்பு வைத்தியர்

காட்டுக்கு எத்தனை எலும்பு வைத்தியர் தேவை என்று கணக்கெடுக்கக் கழுதைப்புலி புதர் புதராக வந்துகொண்டிருந்ததாம். பின்னங்கால் வீங்கி, உயிர் போகிற வலியில் படுத்திருந்த மான், அதைப் பார்த்ததும் எழுந்து நின்றுகொண்டது.

“காலெல்லாம் சுகந்தானா, தாயி? நொண்டுறவங்க வாயத் தொறந்து சொன்னாத்தானே வைத்தியரைக் கொண்டாரலாம்?”

“போன தடவ முயல் தம்பி சொன்னானே. அப்புறம் ஆளையே காணோமே, அண்ணே?”

“அவனா? அவனுக்கு இப்ப ஒரு வலியும் இல்ல” என்று கழுதைப்புலி நாக்கைச் சுழற்றிக்கொண்டது.

மான் பல்லைக் கடித்துக்கொண்டு, வீங்கின காலை ஊன்றி நாலு துள்ளுத் துள்ளிக் காட்டியது. “எனக்கென்ன அண்ணே, கல்லாட்டம் இருக்கேன்.”

கழுதைப்புலிக்கு முகம் சுண்டிப்போனது. “என்ன காடோ, ஒரு நொண்டிகூட அகப்படல. எலும்பு வைத்தியரே வேண்டாம்னு சொல்லிட வேண்டியதுதான்” என்று முணுமுணுத்தபடி நடையைக் கட்டியது.

அதன் வால் மறைந்த பிறகுதான் மான் பொத்தென்று சாய்ந்தது. அப்போதும் முனகவில்லை.