காதுக்குள் ஒரு குரல்

முத்துமீனா உடைந்த கையோடு காவல் நிலையத்துக்குப் போனாள். அடித்தவன் புருஷன் சங்கிலி. ஆனால் பின்னாலேயே வந்த அவன், அவளுக்கு மனச்சிதைவு நோய் என்று சொன்னதும், எஸ்.ஐ. புகாரை வாங்கவே இல்லை.

"பைத்தியம் எப்பக் கத்தியத் தூக்கும்னு சொல்ல முடியாது. நீதான்யா சூதானமா இருக்கணும்" என்று அவனுக்குப் புத்தி சொல்லி அனுப்பினார்.

அது அவள் காதிலும் விழுந்தது.

மறுநாள் சங்கிலி கை ஓங்கியபோது அவள் அழவில்லை. தலையைச் சாய்த்து எதையோ உற்றுக் கேட்டாள்.

"என்னடி?"

"காதுக்குள்ள ஒரு குரல் மச்சான். ஒம் பேரைச் சொல்லுது."

ஓங்கிய கை தானாக இறங்கியது. "வேற என்ன சொல்லுது?"

"நீ தூங்குனதும் சொல்லுறேங்குது."

அன்றே துணிமணியை அள்ளிக்கொண்டு ஒத்தக்கடையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஓடியவன், எஸ்.ஐ.யிடம் போய் அழுதான்.

"அன்னைக்கே சொன்னேன்ல? இனிமே அந்த வீட்டுப் பக்கமே போகாத" என்றார் அவர்.

சில வாரம் கழித்து, கட்டுப் பிரித்த கையோடு வந்த முத்துமீனாவிடம் அவள் வழக்கமாகப் பார்க்கும் மனநல டாக்டர் கவலையோடு கேட்டார். "மறுபடி குரல் கேக்குதுன்னு ஒங்க வீட்டுக்காரர் சொன்னாரேம்மா?"

"அந்தக் குரலெல்லாம் மாத்திரையில எப்பவோ நின்னுபோச்சு டாக்டர். இப்பப் பேசுறது நான்தான்."