திறந்த ஒரே கதவு

"மூணு தலைமுறையா உங்க கட்சிக்குத்தான் போட்டோம்யா. ஆஸ்பத்திரியை மூடினதுதான் மிச்சம்." முதல் வீட்டில் கதவைச் சாத்தினார்கள். அடுத்த வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

ஆளுங்கட்சி வேட்பாளர் மாலக்கி கால்வே மழையில் நனைந்தபடி மூன்றாவது வீட்டைத் தட்டினார்.

"உள்ள வாங்க தம்பி," என்றாள் அட்ராக்டா அம்மாள். டீ, சோடா ரொட்டி, மறுபடியும் டீ. மாட்டு விலையிலிருந்து ரோட்டுப் பள்ளம் வரை விசாரித்தாள்.

"எங்க வீட்ல ஆறு ஓட்டு இருக்கு. இன்னொரு கப் ஊத்தட்டுமா?"

இருட்டிய பிறகு, மனம் குளிர்ந்து விடைபெற்றார் மாலக்கி.

அவள் உடனே எதிர்க்கட்சியில் நிற்கும் மகனுக்குப் போன் போட்டாள். "அந்தாளை இவ்வளவு நேரம் நகரவிடலை. நீ தெருவை முடிச்சிட்டியா?"

"கெடுத்தியேம்மா. அந்தாளு வீடு வீடா போனாத்தானே நமக்கு ஓட்டு."