மகளின் காலை ஜெபம்

மனைவியை அடக்கம் செய்த நாளிலிருந்து நான் ஜெபிப்பதில்லை. சமையலறை மேசையில் பால் ஆடை கட்டுகிறது. சன்னல் வெளிச்சம் அவளுடைய காலி நாற்காலியில் விழுந்து கிடக்கிறது. நான்கு வயது மகள் கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். “இயேசப்பா, அம்மாவுக்கு இருமல் நிக்கணும்.” “அம்மாதான் போயிட்டாங்களேடா.” “தெரியும்ப்பா. அங்க போயாவது நின்னுச்சான்னு அவர்தானே சொல்லணும்?” ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறாள். “இப்ப நீங்க பேசுங்க.” “எனக்கும் அவருக்கும் பேச்சு கிடையாது.” “நீங்க கோபமா இருக்கீங்கன்னு நேத்தே அவர்கிட்ட சொல்லிட்டேன். பயப்படாதீங்க.” கழுவிய ஈரம் காயாத விரல்களால் என் கைகளைச் சேர்த்து வைக்கிறாள். கடைசியில் “ஏன்?” என்ற ஒரு சொல் மட்டும் வெளியே வருகிறது. இன்னும் ஏதாவது வருமா என்று மகள் சற்றுக் காத்திருக்கிறாள். பிறகு, “ஆமென்” என்கிறாள்.